டிரான்ஸ்பார்மருக்கு எந்த எண்ணெய் நல்லது?

டிஸ்கி: நான் பி.காம். இறுதி ஆண்டு. இதில் வரும் மின்சார விஷயங்களில் பாதி நூலகத்தில் படித்தது, மீதி எலெக்ட்ரிகல் படிக்கும் நண்பர்களை டீக்கடையில் உட்காரவைத்துக் கேட்டது. கணக்கு மட்டும் என் சொந்தச் சரக்கு.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு டிரான்ஸ்பார்மரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஆயுட்காலச் செலவு' என்று ஒரு பாடம். ஒரு பொருளை வாங்கும் விலையை மட்டும் பார்க்காதே, வாங்கியதிலிருந்து தூக்கிப் போடுகிற நாள்வரை ஆகும் மொத்தச் செலவைப் பார் என்பதுதான் அதன் சாரம். உதாரணம் ஒன்று எழுதி வரச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் பைக் எழுதினார்கள், சிலர் ஏ.சி. எழுதினார்கள். நான் டிரான்ஸ்பார்மர் எண்ணெயை எடுத்தேன். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, எங்கள் வீடே எண்ணெய் வீடு. திருத்தணியில் அப்பா சின்னதாகச் செக்கு வைத்திருக்கிறார். சுற்று வட்டார வேர்க்கடலை வரும், எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் போகும். இரண்டாவது காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரும்புத் தகடுகளை அடுக்கிய ஒரு நடுப்பகுதி, அதைச் சுற்றித் தாமிரம் அல்லது அலுமினியக் கம்பிச் சுருள். கம்பியைச் சுற்றி இருப்பது காகிதம். ஆமாம், சாதாரண மரக்கூழிலிருந்து செய்த காகிதம்தான். 11,000 வோல்ட்டில் வருவதை வீட்டுக்கும் தறிக்கும் தக்கபடி 433 வோல்ட்டாக இறக்குகிற சாதனத்தில், மின்சாரத்தைத் தடுத்து நிற்பது காகிதமும் எண்ணெயும். எண்ணெய்க்கு இரண்டு வேலை. மின்சாரம் தாவாமல் தடுப்பது ஒன்று. சுருளில் பிறக்கும் சூட்டை வாங்கி, வெளியே இருக்கும் தகட்டுச் சிறகுகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவது இன்னொன்று.

இத்தனை வருடமாக அந்த வேலையைச் செய்வது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த மினரல் ஆயில். 1890களிலிருந்து அதுதான் ராஜா. விலை குறைவு, தண்ணீர் மாதிரி இளக்கமாக ஓடும், சுலபத்தில் கெடாது. தொடக்க காலத்தில் தாவர எண்ணெயையும் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். காற்றுப் பட்டுக் கெட்டுப் போகிறது என்று விட்டுவிட்டார்கள். இது எங்கள் அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "திறந்து வெச்ச டின்னு நாலு மாசத்துல சிக்கு வாடை அடிக்கும், அதப்போயி கம்பத்து மேல வெச்சா?" என்றார்.

மினரல் ஆயிலின் பெரிய குறை, அது எரியும். அதற்கு மாற்றாக 1930களில் பி.சி.பி. என்ற ரசாயனத் திரவம் வந்தது. தீப்பிடிக்காது, கெடாது. கெடாமல் இருப்பதே வினையாகப் போனது. மண்ணில் விழுந்தாலும் கெடாது, மீனின் கொழுப்பில் சேர்ந்தாலும் கெடாது, மனிதனின் உடம்பில் போனாலும் கெடாது. 1968-ல் மேற்கு ஜப்பானில் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலையில், சூடேற்றும் குழாயிலிருந்து இந்தத் திரவம் கசிந்து சமையல் எண்ணெயில் கலந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் தோல் நோயும் வேறு பல கோளாறுகளும் வந்து அவதிப்பட்டார்கள். 'யூஷோ' என்று அந்த நோய்க்கே பெயர் வைத்தார்கள். அதற்கு 'எண்ணெய் நோய்' என்று அர்த்தம். 2001-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வந்து, 2004-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2006-ல் சேர்ந்தது. 2016-ல் நம் மத்திய அரசு பி.சி.பி. தயாரிப்பையும் இறக்குமதியையும் தடைசெய்து, பயன்பாட்டை நிறுத்த 2025 டிசம்பர் 31 என்று கெடு வைத்தது.

ஆக, எரியவும் கூடாது, மண்ணில் விழுந்தால் மக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே திரவத்தில் தேடியபோது 1990களில் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி விதைகளிடமே வந்தார்கள். அமெரிக்காவில் சூரியகாந்தி வகை ஒன்றிலிருந்து 'பயோடெம்ப்', சோயாவிலிருந்து 'எஃப்.ஆர்.3' என்று இரண்டு திரவங்கள் வந்தன. நம் ஊரிலும் சவிதா ஆயில் நிறுவனம் 'பயோடிரான்சால்' என்று ஒன்று தயாரிக்கிறது. துறை வழக்கில் இவற்றுக்கு 'நேச்சுரல் எஸ்டர்' என்று பெயர். 2013-ல் ஐ.இ.சி. இதற்கென்று தனித் தர விதி வெளியிட்டது. ஜெர்மனியில் 420 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றையே தாவர எண்ணெயில் செய்து நிறுவியிருக்கிறார்கள். சோதனைக்கூடத்துப் பொம்மை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி சமையலறைக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வடை பொரிக்கும்போது எண்ணெய் ஏறக்குறைய 170, 180 டிகிரியில் இருக்கும். மினரல் ஆயிலை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொண்டு நின்று எரியும். அதன் தீநிலை 160, 170 டிகிரிதான். நேச்சுரல் எஸ்டருக்கு அது 350-ஐ ஒட்டி. 300-க்கு மேல் இருந்தால் 'கே' வகுப்பு என்று தனியாக மதிப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். ஈரம்தான் காகிதத்துக்கு எமன். சாதாரண வெப்பநிலையில் மினரல் ஆயில் தனக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஈரம் பத்து லட்சத்தில் 55 பங்கு அளவுக்குத்தான். நேச்சுரல் எஸ்டரில் 1000 பங்குக்கு மேல். அதனால் காகிதத்தில் ஊறும் ஈரத்தை எஸ்டர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. காகிதம் காய்ந்தே இருக்கும், ஆயுள் நீளும். டிரான்ஸ்பார்மரின் ஆயுள் என்பது அந்தக் காகிதத்தின் ஆயுள்தான். எண்ணெயை மாற்றலாம், கம்பிக்குள் சுற்றிய காகிதத்தை மாற்ற முடியாது.

இதில்தான் எங்கள் ஊர் வருகிறது. கோடைக்கால வானிலைச் செய்தியைக் கேட்பவர்களுக்குத் தெரியும், வேலூருக்குப் பக்கத்தில் திருத்தணி பெயர் தவறாமல் வரும். 40 டிகிரி தாண்டுவதெல்லாம் எங்களுக்குச் செய்தியே இல்லை. காகிதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: 6 முதல் 8 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். வெளியே வெயில், உள்ளே ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிகள் இழுக்கும் லோடு. எஸ்டரில் ஊறிய காகிதம் கூடுதல் சூட்டைத் தாங்கும் என்று சர்வதேசத் தர விதிகளே ஒத்துக்கொள்கின்றன. குளிர்நாட்டுக்காரர்கள் எஸ்டர் மீது சொல்லும் பெரிய குற்றச்சாட்டு, பனியில் உறைந்து போகும் என்பது. மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியில் கெட்டியாகும். மார்கழியில் ஸ்வெட்டர் தேடும் எங்கள் ஊருக்கு அந்தக் கவலை தேவையில்லை.

மூன்றாவது, சிந்தினால் என்ன ஆகும்? எஸ்டர் சிந்தினால் மண்ணில் உள்ள கிருமிகள் அதைத் தின்றுவிடும். 28 நாள் சோதனையில் 'எளிதில் மக்கக்கூடியது' என்ற தகுதி அதற்கு உண்டு. மினரல் ஆயில் மாதக்கணக்கில் கிடக்கும். எங்கள் பக்கத்துக் கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரிக்குப் போய், அங்கிருந்து எண்ணூரில் கடலில் கலக்கிறது. பூண்டித் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போனதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு தெரு டிரான்ஸ்பார்மரில் இருப்பது அதற்கு உறைபோடக் காணாது, நியாயம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பெட்டிகள் லட்சக்கணக்கில் நிற்கின்றன. சொட்டுச் சொட்டாகக் கசிவதை யாரும் படம் எடுப்பதில்லை.

"அப்போ நம்ம செக்கு எண்ணெயையே ஊத்திடலாமாப்பா?" என்று கேட்டேன். அப்பா சிரித்துவிட்டு, "வடிகட்டாத எண்ணெயில மண்டி நிக்கும்டா. தண்ணி ஒரு சொட்டு இருந்தாலே சட்டியில வெடிக்குது" என்றார். அவர் சொன்னது அப்படியே இன்ஜினியரிங். செக்கு எண்ணெயில் பசை, அமிலம், ஈரம் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் நீக்கி, வெற்றிடத்தில் ஈரம் உறிஞ்சி, கெடாமல் தடுக்கும் மருந்து சேர்த்த பிறகுதான் டிரான்ஸ்பார்மருக்குத் தகுதி. எந்த விதை என்பதும் முக்கியம். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இருந்தாலும் தேங்காய் நாடான இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் 2001-லேயே அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். நம் பக்கம் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும், கோவில்பட்டி நேஷனல் இன்ஜினியரிங் கல்லூரியிலும் எஸ்டர் திரவங்கள் பற்றிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. புங்க எண்ணெயையும் பலர் சோதித்திருக்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும்.

நம் தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர்களில் பெரும்பாலானவை மூச்சு விடுபவை. எண்ணெய் சூட்டில் விரிந்தால் காற்று வெளியே போகும், ஆறினால் உள்ளே வரும். உள்ளே வரும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்னக் குப்பியில் சிலிக்கா ஜெல் தொங்கும். மினரல் ஆயிலுக்கு இது போதும். தாவர எண்ணெய்க்கு ஈரம் மட்டுமல்ல, காற்றே ஆகாது. எனவே காற்றுப் புகாத மூடிய தொட்டி வேண்டும். ரிப்பேருக்குப் பிரித்துப் போட்டு நாள்கணக்கில் வெயிலில் காயவைக்கும் பழக்கமும் கூடாது. அடுப்படி ஜன்னலில் படிகிற எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். மெல்லிசாகப் பரவிய தாவர எண்ணெய் காற்றில் கோந்தாகிவிடும். அதோடு மினரல் ஆயிலைவிட மூன்று மடங்குக்கு மேல் பிசுபிசுப்பு, மெதுவாகத்தான் ஓடும். குளிர்விக்கும் சிறகுகளை அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

அடுத்தது விலை. மினரல் ஆயிலைப் போல சுமார் இரண்டு மடங்கு, சமயத்தில் அதற்கு மேலும். இப்போதுதான் என் பாடம் தொடங்குகிறது.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். எண்கள் கற்பனை, முறைதான் முக்கியம். சாதாரண டிரான்ஸ்பார்மர் 3,00,000 ரூபாய், 20 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டர் ஊற்றி மூடிய தொட்டியோடு 3,50,000 ரூபாய், 25 வருடம் உழைக்கும். சும்மா வகுத்தால் முதலாவது வருடத்துக்கு 15,000, இரண்டாவது 14,000. எஸ்டர் ஜெயித்துவிட்டது என்று கைதட்டிவிட்டு அசைன்மெண்டை முடித்திருக்கலாம்.

ஆனால் பணத்துக்கு வட்டி உண்டே. 10 சதவீத வட்டியில் கடன் வாங்கி, ஆயுள் முழுக்கச் சமமான வருடத் தவணையாகக் கட்டினால்? சாதாரணத்துக்கு வருடம் சுமார் 35,240 ரூபாய். எஸ்டருக்கு சுமார் 38,560 ரூபாய். இப்போது எஸ்டர் தோற்கிறது, 3,320 ரூபாய் வித்தியாசத்தில். இருபதாம் வருடத்துக்குப் பிறகு கிடைக்கும் லாபத்தை வட்டி தின்றுவிடுகிறது. கடனில் ஓடும் எந்த மின்வாரியத்துக்கும் இது புத்தகக் கணக்கு அல்ல, நிஜம். போதாதற்கு அரசுக் கொள்முதலில் குறைந்த விலைக்காரருக்கே டெண்டர். இருபத்தைந்து வருடக் கதையை அந்தக் கவருக்குள் வைத்து ஒட்ட முடியாது.

சரி, அந்த 3,320 ரூபாய்க்கு நமக்கு என்ன கிடைக்கிறது? தீ பயம் குறைகிறது, மண் பிழைக்கிறது. இரண்டும் கணக்குப் புத்தகத்தில் வராதவை. வராததற்கு ஒரு காரணம், அந்தச் செலவைச் செய்வது வேறு யாரோ.

முன்னால் சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணம் இதுதான். எங்கள் அத்தை தறிக்காரர். அவர் தெருவில் ஒரு கத்திரி வெயில் மதியத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்து, எரிகிற எண்ணெய் சிதறி, பக்கத்தில் இருந்த தறிக்கொட்டகையின் கூரையில் விழுந்தது. ஆள் சேதம் இல்லை. ஏற்றி வைத்த பாவு, நூல், இரண்டு தறியின் மரச்சாமான் போயிற்று. அந்த வீட்டுக்காரர் ஆறு மாதம் வேறொருவர் தறியில் கூலிக்கு ஓட்டினார். எந்த நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கிலும் அந்த ஆறு மாதம் ஏறவில்லை. பொருளாதாரத்தில் இதற்கு 'புறச்செலவு' என்று அழகான பெயர் இருக்கிறது. அத்தை தெருவில் அதற்குப் பெயர் வட்டிக் கடன்.

எஸ்டர் இருந்திருந்தால் வெடிக்காமலே இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே மின்பொறி கிளம்பினால் எந்த எண்ணெயும் ஆவியாகித் தொட்டியைப் பிளக்கும். சிதறிய எண்ணெய் பற்றிக்கொண்டு நின்று எரியுமா என்பதில்தான் வித்தியாசம். கூரையைப் பொறுத்தவரை அதுதான் முழு வித்தியாசமும்.

இன்னொரு கேள்வி வரும்: சாப்பிடுகிற எண்ணெயை எடுத்து இயந்திரத்துக்கு ஊற்றலாமா? இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2023-24 எண்ணெய் ஆண்டில் ஏறக்குறைய 160 லட்சம் டன். 2022-ல் உக்ரைன் போர் வந்தது, அதே ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது, எங்கள் கடையில் டின் விலை கேட்டவர்கள் கேட்ட வேகத்தில் திரும்பிப் போனார்கள். ஆனால் கச்சா எண்ணெயிலும் 85 சதவீதத்துக்கு மேல் நாம் இறக்குமதிதான். இரண்டு பக்கமும் கப்பலை நம்பித்தான் இருக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், டிரான்ஸ்பார்மரில் ஊற்றியது தினமும் தீர்ந்து போவதில்லை, வருடக்கணக்கில் உள்ளேயே இருக்கும். பஸ்ஸுக்கு ஊற்றும் பயோடீசல் கணக்கும் இதுவும் ஒன்றல்ல.

சாப்பிடாத புங்க எண்ணெயை எடுத்தால் இந்தச் சண்டையே இல்லை என்பார்கள். ஆசைதான். ஆனால் 2003-ல் திட்டக் குழு காட்டாமணக்கை நம்பிப் பெரிய திட்டம் போட்டதும், தரிசு நிலத்தில் நட்ட செடி சொன்ன அளவு காய்க்காமல் விவசாயிகள் பிடுங்கிப் போட்டதும் நமக்கு நினைவிருக்க வேண்டும். மரம் நட்டால் எண்ணெய் வந்துவிடாது. பொறுக்க ஆள், ஆட்ட ஆலை, வாங்க நிலையான கை, மூன்றும் வேண்டும். அந்த மூன்றாவது கை மின்வாரியமாக இருந்தால் நடக்கலாம்.

ஆகவே என் அசைன்மெண்டின் முடிவு இது: எல்லா இடத்திலும் மாற்று என்பது கடனில் இருக்கிற ஸ்தாபனத்திடம் கேட்கக்கூடிய விஷயமல்ல. வயல் நடுவே தனியாக நிற்கும் பெட்டிக்கு மினரல் ஆயில் போதும். ஆனால் தறிக்கொட்டகையை ஒட்டி நிற்கும் பெட்டி, ஆஸ்பத்திரி வளாகம், பள்ளிச் சுவர், ஏரிக்கரை, ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளோடு லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்துப் போகும் எங்கள் மலையடிவாரத் தெருக்கள், இங்கெல்லாம் அடுத்த முறை பெட்டி மாற்றும்போது எஸ்டர்தான் வேண்டும். டெண்டரில் இந்த இடங்களுக்கு மட்டும் 'கே' வகுப்பு திரவம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வருடம் 3,320 ரூபாய் என்பது, அந்தப் பெட்டியிலிருந்து மின்சாரம் வாங்கும் நூறு வீட்டுக்குப் பிரித்தால், வீட்டுக்கு 33 ரூபாய். எங்கள் ஊரில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் காசு.

பேராசிரியர் பத்துக்கு ஏழு போட்டு, 'தீ விபத்தின் நிகழ்தகவு சேர்க்கப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அத்தையிடம் சொன்னேன். "எரிஞ்ச வீட்டுக்கு அது நூத்துக்கு நூறுப்பா" என்றார். அவர் எட்டாவது வரை படித்தவர்.

கொசுறு: நாளைக்கு உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போகும்போது, தள்ளி நின்றே, அந்தச் சிலிக்கா ஜெல் குப்பியைப் பாருங்கள். வழக்கமான வகையில் நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் குடித்து முடித்துவிட்டது, இனி ஈரம் உள்ளே இருக்கும் காகிதத்துக்குத்தான். உங்கள் தெருவில் என்ன நிறம் என்று சொல்லுங்கள்.